கூரைக்கு ஏற்றிய சோறு

1

அங்கே ஊரில் உங்களுக்கு இப்போது ஐப்பசி பிறந்திருக்கும். கிடுகு வீட்டுக்காரர் கூரை வேய்ந்து முடித்திருப்பார்கள். ஓட்டு வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று, கையை நெற்றிக்குக் கொடுத்து, எந்த ஓடு வெடித்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே மெல்பேணில் நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் இந்த மாதத்துக்கு இங்கே வசந்தகாலம் என்று பெயர்.

வசந்தம் என்றதும் தென்றலை நினைத்துவிடாதீர்கள். காலையில் வடக்கிலிருந்து ஒரு சுடுகாற்று வரும். மத்தியானம் அது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். சற்று நேரத்தில் தெற்கிலிருந்து குளிர்காற்று. அதற்குப் பின்னால் மழை. சில நாள் மழையோடு ஆலங்கட்டி. ஒரே நாளில் சுவெற்றரை மூன்று தரம் போட்டு மூன்று தரம் கழற்றுகிறேன்.

கூரைக்கும் இதே பாடுதான். குளிர்காலத்து உறைபனியில், முகட்டோடுகளைப் பிடித்து வைத்திருக்கும் சாந்து வெடிக்கிறது. வெடித்த சாந்து வசந்தக் காற்றில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, மழைத்தண்ணீர் ஓடும் பீலியில் விழுகிறது. அந்த இடைவெளியைப் பார்த்து மைனாக்கள் குடிவருகின்றன. மஞ்சள் சொண்டு, மஞ்சள் கால், எங்கள் மைனாவேதான். முந்திய காலத்தில் யாரோ கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம். இங்குள்ளவர்கள் அதை இந்திய மைனா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வார்கள். அப்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். இரவில் பொசம் என்ற பிராணி, எங்கள் மரநாயின் சாயல், ஓடுகளின் மேல் நடந்து அவற்றை விலக்குகிறது. யூகலிப்ரஸ் மரம் ஆண்டு முழுவதும் இலை கொட்டுகிறது. பீலி நிறைகிறது, நிறைந்த பீலி துருப்பிடிக்கிறது. ட்ராமில் என் வயதுக்காரர் இருவர் பேசினால் இந்த மாதத்தில் பேச்சு இதுதான். ஒருவருக்குப் புகைபோக்கி அடியில் ஒழுக்கு, மற்றவருக்கு முன்னறையில் வாளி.

என் மகன் நந்தன் வாங்கிய வீடு இது. ஐம்பது வருஷத்துப் பழைய செங்கல் வீடு, ‘ட’ என்ற எழுத்தைப் போன்ற அமைப்பு. இரண்டு பகுதியின் கூரைச் சரிவுகளும் சந்திக்கிற உள்மூலையில் ஒரு தகரப் பீலி மேலிருந்து கீழே ஓடுகிறது. அந்த மூலைக்கு நேர் கீழேதான் என்னுடைய அறை. நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருஷம் படம் வரைந்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணுவதும் அளப்பதும் எனக்கு மருந்தில்லாத ஒரு வருத்தமாகவே ஆகிவிட்டது. பின்பக்கச் சரிவில், நிலத்தில் நின்று பார்த்தால் தெரியும் ஓடுகள் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் வெடித்தவை ஏழு. இதை நந்தனிடம் நாலு தரம் சொல்லிவிட்டேன்.

சென்ற மாதம் சீலிங்கில் ஒரு மறு தோன்றியது. முதலில் சோசர் அளவு, தேத்தண்ணி நிறம். மழைக்கு மழை அது பெருத்தது. புரட்டாதி நடுவில் தாம்பாளம் அளவுக்கு வந்துவிட்டது. கட்டிலின் வலது பக்கத்தில் நான் படுப்பேன். மறு வந்தது இடது பக்கத்துக்கு மேலே. அந்தப் பக்கம் என் மனைவி நாகம்மாவினுடையது.

அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆட்டைத் திவசம் வருகிற நேரத்தில்தான் கூரை இப்படிச் செய்தது.

2

நாகம்மா இந்த நாட்டுக்கு வந்தபிறகு வயிறார உண்டதில்லை. சமைக்கவில்லை என்றல்ல. மருமகள் சாரதா ஆஸ்பத்திரியில் தாதி, வேலைக்குப் போய்விடுவாள். குசினி முழுக்க நாகம்மாவின் கையில்தான். ஆனாலும் அரிசி வேறு, தண்ணீர் வேறு, வெண்டிக்காய் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிரேக்கர் ஒருவர் கொண்டுவந்தால் உண்டு. “இஞ்சாருங்கோ, எல்லாம் இருக்கு, ருசியை மட்டும் காணேல்லை” என்பாள்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சோதனை இருக்கிறது, வெளிச் சாப்பாடு கூடாது என்றார்கள். பச்சை நிறத்தில் ஜெலி ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். அவள் அதைக் கரண்டியால் தொட்டுப் பார்த்தாள். “இஞ்சாருங்கோ, இது ஆடுது” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “ரெண்டு பிடி சோறு கொண்டுவாங்கோவன்” என்றாள். நான் அங்கிருந்த தாதியிடம் போய்க் கேட்டேன். நாளைக்குப் பிறகு பார்க்கலாம் என்றாள். நாளைக்குப் பிறகு பார்ப்பதற்கு ஆள் இல்லை.

பசியோடு போனவள். இதைத்தான் நான் ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஆகவே அவளுக்கு உரியதை முறையாகக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். இங்கே இன்னும் ஐயர் இல்லை, கோயில் இல்லை, பிதிர்க்கடன் கழிக்கக் கீரிமலையும் இல்லை. காகம் இருக்கிறது. அமாவாசைதோறும், சனிக்கிழமைதோறும் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் இந்தக் காகங்கள் எங்கள் காகங்கள் அல்ல. உருவத்தில் பெரியவை. கண் வெள்ளை. குரலோ, யாரோ ஒரு பிள்ளை அழுது களைத்து இழுப்பதைப் போல. நிலத்தில் வைத்தால் வராது. அயல் வீட்டு நாய்தான் வரும். கூரையில் வைக்க வேண்டும். எழுபத்திரண்டு வயதில் நான் ஏணியில் ஏறினால் சாரதா விடமாட்டாள். வாழையிலையும் கிடையாது.

சாரதா கேக் செய்ய வாங்கிவைத்த வெள்ளிக் கடதாசிக் கிண்ணங்கள் இருந்தன, உள்ளங்கை அளவு. பழைய திரைச்சீலைக் கம்பி ஒன்றின் நுனியில் பிஸ்கற் தகர மூடியை இறுக்கிப் பொருத்தினேன். கிண்ணத்தில் எள்ளுச்சோறு, கறியில் கொஞ்சம். கிண்ணத்தை மூடியில் வைத்து, பின்வளவில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, கம்பியை உயர்த்தி, பீலியைத் தாண்டிக் கூரையில் மெல்லச் சரித்துவிடுவேன். படம் வரைந்த கை. ஒருநாளும் கீழே விழுந்ததில்லை.

பேத்தி வாணிக்கு ஒன்பது வயது. அவளுடைய அறை ‘ட’வின் மற்றப் பகுதியில். அவள் யன்னலிலிருந்து பார்த்தால் நான் சோறு ஏற்றும் சரிவு நேரே தெரியும். சனிக்கிழமைகளில் யன்னலில் தாடையை ஊன்றிக்கொண்டு பார்ப்பாள். தமிழில் கேட்டால் எல்லாம் விளங்கும். பதில் இங்கிலிஷில்தான் வரும். நானும் வற்புறுத்துவதில்லை. வற்புறுத்தினால் பேசவே மாட்டாள் என்ற பயம்.

ஊரில் நாங்கள் இலையை வைத்துவிட்டு நிமிர முதல் காகம் வந்துவிடும். இங்கே வைத்துவிட்டுக் காத்திருக்கக் குளிர் விடாது. கூரையின் மேல் என்ன நடக்கிறது என்று கீழே நின்று பார்க்கவும் முடியாது. எங்காவது ஒரு காகம் இழுத்துக் கத்தும். சரி, வந்துவிட்டது என்று உள்ளே போய் நான் சாப்பிட உட்காருவேன். இப்படி ஒரு வருஷம் போயிற்று.

3

புரட்டாதியின் இரண்டாம் சனிக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, நந்தன் ஏணியைச் சாத்தினான். அரசாங்க அலுவலகம் ஒன்றில் எஞ்சினியர். பாலங்களுக்குக் கணக்குப் போடுகிறவன், தன் வீட்டுப் பீலியை மூன்று வருஷமாகப் பார்த்ததில்லை.

“ஐயா, ஏணியைப் பிடியுங்கோ. மேல பாக்காதேங்கோ, கண்ணில தூசி விழும்.”

“மூண்டாம் வரியில, புகைபோக்கிக்கு இஞ்சால, ஒரு ஓடு விலகிக் கிடக்கு பார்.”

“கண்டிட்டன்.”

“வெடிச்சது ஏழு.”

“ஏழுமில்லை, பதினொண்டு. நீங்கள் கீழ நிண்டு எண்ணினது காணும்.”

எனக்கு அது கொஞ்சம் சுட்டது. மற்ற நாலும் கீழே நின்றால் தெரியாத இடத்தில் இருந்திருக்க வேண்டும். அவன் மூலைப் பீலிக்குப் போனான். இலை வாருகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

“என்ன கிடக்கு?”

மேலே கொண்டுபோன வாளி ஓட்டில் உரசியது.

“தம்பி, என்ன கிடக்கு எண்டு கேக்கிறன்.”

“ஒண்டுமில்லை. இலை. தகரம் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கு.” பிறகு, “ஐயா, நீங்கள் உள்ள போய் எனக்கொரு தேத்தண்ணி போடுங்கோவன்” என்றான்.

பிறந்த நாள் தொட்டு இவன் என்னிடம் தேத்தண்ணி கேட்டவன் அல்லன். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஏணியை விட்டுவிட்டுப் போய் அடுப்பை மூட்டினேன். தேத்தண்ணியோடு வந்தபோது அவன் கீழே இறங்கிக் கைகழுவிக்கொண்டு நின்றான். பெருக்கிய இலைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. கொண்டுபோன வாளியைக் காணவில்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போனபின் கராஜுக்குள் வாளியைத் தேடினேன். பழைய சாக்கு ஒன்றால் மூடி, மூலையில், புல்வெட்டும் மெசினுக்குப் பின்னால் வைத்திருந்தான். சாக்கைத் தூக்கினேன்.

வெள்ளிக் கிண்ணங்கள். நசுங்கியவை, நசுங்காதவை, ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டவை. உள்ளே இருந்தது சோறு என்று எனக்குத் தெரிந்தபடியால் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது கரிய சேறு. எள்ளு மட்டும் எள்ளாகவே இருந்தது. ஓட்டின் சரிவில் ஒவ்வொரு கிண்ணமும் வழுக்கி, மூலைப் பீலிக்குள் இறங்கி, ஓடுகளின் விளிம்புக்கடியில் போய் ஒளித்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இலை, இலையின்மேல் அடுத்த கிண்ணம். மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, தகரத்தைத் தின்று, என் சீலிங்கில் இறங்கியிருக்கிறது.

நான் கராஜின் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். ஏற்றியது அறுபத்தொன்று. கிடந்தது ஐம்பத்தெட்டு.

பின்னேரம் நந்தன் வந்து காரை நிறுத்தியபோது நான் அங்கேயே இருந்தேன். அவன் என்னைப் பார்த்தான், வரிசையாக வைத்த கிண்ணங்களைப் பார்த்தான்.

“எண்ணிப்போட்டியளே?”

“எண்ணாமல்?”

அவன் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் சீமெந்து நிலத்தில் குந்தினான். “கூரை ஒழுகினதுக்கு இதை ஒரு பெரிய விசயமாய் எடுக்காதேங்கோ, ஐயா. தகரம் எப்பிடியும் பழசு. மாத்தத்தான் வேணும்.”

“கூரையை விடு தம்பி. கொம்மாவுக்கு ஒண்டும் போய்ச் சேரேல்லை.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ. கொஞ்சம் கொஞ்சம் கொத்தியிருக்கும்.”

“எதில கொத்தினது? காட்டு பாப்பம்.”

அவன் ஒரு கிண்ணத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாலத்துக்குக் கணக்குப் போடுகிறவனுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. “மூண்டு காணேல்லைத்தானே” என்றான்.

அந்த மூன்றைக் காகம் கொண்டுபோயிற்றா, காற்றுக் கொண்டுபோயிற்றா என்று நான் கேட்கவில்லை.

4

கூரைச் சேதத்துக்குக் காப்புறுதி உண்டென்று நந்தன் எழுதிப் போட்டான். காற்றிலும் மழையிலும் கெட்டால் திருத்தித் தருவார்கள். பராமரிக்காமல் விட்டுக் கெட்டால் இல்லை. இந்தப் பேதத்தை விளக்குவதற்கு ஒரு மனிதர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஏணியில் ஏறிப் பார்த்தார். நந்தன் கழுவியும் போகாத கரிய பிசின் பீலியின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துவந்து காட்டி, இது என்ன என்று கேட்டார்.

நந்தன் என்னைப் பார்த்தான். நான் இங்கிலிஷில் அளவைப் பத்திரங்கள் எழுதி, வெள்ளைக்காரத் துரைமாருக்கு விளக்கம் சொன்னவன். பிதிர், திதி, காகம் என்று மனதுக்குள் அடுக்கினேன். ஒரு சொல்லும் இங்கிலிஷாக மாற மறுத்தது.

யன்னலுக்குள்ளிருந்து வாணி சொன்னாள்: “தட்ஸ் கிராண்ட்மாஸ் லஞ்ச்.”

அவர் யன்னலைப் பார்த்தார். வாணி அவருக்கு மிகத் தெளிவாக, ஆசிரியை பாடம் சொல்வதுபோல இங்கிலிஷில் விளக்கினாள்: பாட்டி இறந்துபோனாள், தாத்தா சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டை மேலே அனுப்புவார், அது சறுக்கிக்கொண்டு அந்த ஓட்டைக்குள் போகும், எப்போதும் அப்படித்தான் போகும்.

“எப்பவும் அப்பிடியே போறது? நீ கண்டனியே?” என்று நான் தமிழில் கேட்டேன்.

“யெஸ்.”

“கண்டிட்டு ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். அப்பாச்சி அதற்குள்ளே இருந்து எடுப்பாள் என்றுதான் நினைத்தாளாம். அதற்குக் கீழேதானே அப்பாச்சியின் அறை என்றாள். இதுவும் இங்கிலிஷில்தான்.

காப்புறுதிக்காரர் பேனையை மூடினார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனையைத் திறந்து, காரணம் என்ற இடத்தில் ‘பறவைகள்’ என்று எழுதினார். தகரம் மாற்றித் தந்தார்கள். சீலிங்கும் பூசித் தந்தார்கள். எங்கள் பிதிர்க்கடனைப் பற்றி இந்த நாட்டு அலுவலகக் கோப்பு ஒன்றில் இருக்கும் ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும்.

5

அன்றிலிருந்து நான் ஒரு நியமம் வைத்துக்கொண்டேன். காகம் எடுப்பதை யாராவது கண்ணால் காணாமல் நான் சாப்பிடுவதில்லை.

புரட்டாதிக் கடைசிச் சனி. கம்பியைக் கைவிட்டாயிற்று. உடுப்புக் காயப்போடும் சுழல்கம்பியின் உச்சியில் ஒரு தட்டைக் கட்டி, அதில் எள்ளுச்சோறு வைத்து, கதிரை போட்டு இருந்தேன். ஒரு காகம் மின்கம்பத்தில் வந்து குந்தியது. நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. பன்னிரண்டு மணி. இரண்டு மணி. மைனாக்கள் வந்தன, விரட்டினேன். விரட்டியதும் காகமும் பறந்தது. நான் சுவெற்றரை மூன்றாம் தரம் போட எழும்பியபோது தோட்டம் ஒருமுறை சுற்றியது.

கண் விழித்தால் சாரதா என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“மாமா, உங்களுக்கென்ன விசரே? காலமை குளிசை போட்டனீங்கள், வெறும் வயித்தில. பிரஷர் விழுந்தால் ஆர் பாக்கிறது?”

“அது எடுக்கேல்லைப் பிள்ளை.”

“உந்தக் காகத்துக்குச் சோறு தெரியாது மாமா! உதுகள் இறைச்சி தின்னிறதுகள். என்ர வார்ட்டில ஒரு மனிசி சொன்னது, கீமா வைச்சால் பறந்து வருமாம்.”

“சைவக்காரிக்குக் கீமா வைக்கிறதோ?” என்றேன். அவள் என் மணிக்கட்டை விட்டாள். பிறகு, அதே கையால் என் முகத்தைத் துடைத்து, “திவசத்துக்கும் இப்பிடித்தான் இருக்கப்போறியளோ?” என்று கேட்டாள்.

“எடுத்தால் சாப்பிடுவன்.”

“எடுக்காட்டில்?”

நான் எழும்பி உட்கார்ந்தேன். வாசலில் நந்தன் கேட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

திவசத்துக்கு அவன் லீவு கேட்டது ஒரு தனிக்கதை. சென்ற வருஷம் தாய் இறந்ததற்கு எடுத்த லீவுப் பத்திரத்தை, லீவுக்குப் பொறுப்பான கந்தோர்க்காரர் எடுத்துப் பார்த்தாராம். அதில் ஒரு திகதி. இப்போது ஆண்டு நிறைவு என்று கேட்பது இன்னொரு திகதி. வளர்பிறை, சப்தமி, ஊரிலிருந்து கப்பல் தபாலில் வந்த பஞ்சாங்கம் என்று இவன் விளக்கியிருக்கிறான். “மிஸ்டர் நந்தன், உங்கள் தாயார் எத்தனை தரம் இறந்தார்?” என்று அவர் கேட்டாராம். கேலி இல்லை, பத்திரத்தில் எழுதுவதற்காக. கடைசியில் அவன் ‘கூரை திருத்த’ என்று எழுதி லீவு வாங்கிவந்தான். அதற்கு உடனே கொடுத்தார்கள். வசந்தகாலத்தில் கூரை என்றால் எல்லோருக்கும் விளங்குகிறது.

6

சப்தமி ஒரு வியாழக்கிழமை. ஊர் நேரத்துக்கும் இந்த ஊர் நேரத்துக்கும் நாலரை மணித்தியாலம். திதி நிற்கிறதா என்று நான் கூட்டியும் கழித்தும் பார்த்தேன். நின்றது. சாரதா விடியவே எழும்பிச் சமைத்தாள். வாணியைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. நாகம்மாவின் படத்துக்கு முன்னால் படைத்து, நந்தன் தேவாரம் படித்தான். சின்ன வயதில் மனனம் செய்தது. இரண்டு இடத்தில் தடக்கினான். நான் எடுத்துக் கொடுத்தேன்.

“இந்தமுறை நான் கொண்டுபோய் வைக்கிறன், ஐயா” என்றான். அயல் வீட்டு வேலியோரத்தில் நின்ற கல்வாழையில் ஒரு இலையைக் கேட்டு வாங்கிவைத்திருந்தான். அதில் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, பாயாசத்தில் கொஞ்சம், நாகம்மாவுக்குப் பிடித்த உழுந்துவடை மூன்று. ஏணியில் ஏறி, புகைபோக்கி அடியில் செங்கல் மேடை போல இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு இறங்கினான். அங்கே வைத்தால் வழுக்காது.

நாங்கள் காத்திருந்தோம். காகம் மின்கம்பத்தில் இருந்தது. போன சனி வந்ததுதானோ என்று தெரியாது. எல்லாம் ஒரே கண். காற்று வடக்கிலிருந்து தெற்குக்கு மாறியது. பன்னிரண்டு, ஒன்று. சாரதாவுக்கு மூன்று மணிக்கு வேலை. வாணி குசினி வாசலில் வந்து நின்று பசி என்றாள். நான் அவர்களைச் சாப்பிடச் சொன்னேன்.

“நீங்கள் சாப்பிடாமல் நாங்கள் எப்பிடிச் சாப்பிடுறது, மாமா?”

“நான் பழகினவன்.”

“என்னத்தில பழகினவர்? விழுறதிலயோ?”

இரண்டு மணி. நந்தன் எழும்பினான். “வைச்ச இடம் சரியில்லைப் போல. மாத்தி வைச்சுப் பாக்கிறன். ஐயா, ஏணியைப் பிடியுங்கோ. பிடிச்ச இடத்தை விட்டு அரக்கப்படாது.”

மேலே ஏறிப் புகைபோக்கிக்கு அந்தப் பக்கம் போனான். ஏணியடியில் நின்ற எனக்கு அவன் தெரியவில்லை. ஓடுகள் ஒன்றிரண்டு கிறீச்சிட்டன. பிறகு சத்தமில்லை. இலையை இடம் மாற்றி வைக்க ஒருவனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? தவறி விழுந்தானோ என்ற பயத்தில் நான் ஏணியை விட்டுவிட்டு, சுழல்கம்பி வரைக்கும் பின்னால் நடந்து அண்ணாந்து பார்த்தேன்.

புகைபோக்கியில் சாய்ந்து, முழங்காலை மடக்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் இருந்தான். மடியில் கல்வாழையிலை. முழங்கை உயர்ந்தது, தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. வாய்க்குள் அடைத்து அடைத்துச் சாப்பிடுகிறான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட நாட்களில் தாயின் முன்னால் இருந்து அவன் சாப்பிடுகிற விதம் அது. பிறகு முழங்கை நின்றுவிட்டது. தோள் மட்டும் குலுங்கியது. கம்பத்திலிருந்த காகம் தலையைச் சரித்து அவனைப் பார்த்தபடி இருந்தது.

நான் வந்த வழியே திரும்பிப் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஐயா!” மேலேயிருந்து குரல் வந்தது. அடைத்த குரல். “வந்திட்டுது. எடுத்துக்கொண்டு போட்டுது.”

“எல்லாத்தையுமோ?”

“முழுக்க.”

“வடையையும்?”

விழுங்கிவிட்டு, “வடையைத்தான் முதல்” என்றான்.

இறங்கி வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாய்க் கடையில் ஒரு உழுந்துத் துணுக்கு ஒட்டியிருந்தது. நாகம்மா இருந்திருந்தால் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டிருப்பாள். எனக்குக் கை எழவில்லை. “கையைக் கழுவு” என்று மட்டும் சொன்னேன்.

சாப்பாட்டு மேசையில் நந்தனும் நானும் இருந்தோம். சாரதா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணால் கண்டவர்கள் சொன்னால்தான் சாப்பிடுவேன் என்ற என் நியமம் அவளுக்குத் தெரியும். மகன் சொல்லிவிட்டான், ஆனாலும் அவள் பார்த்தபடி நின்றாள்.

வாணி தன் அறையிலிருந்து அப்போதுதான் ஓடிவந்தாள். அவளுடைய யன்னலுக்கு நேரே அந்தப் புகைபோக்கி. தகப்பனைப் பார்த்து, “டடி, யூ…” என்று தொடங்கினாள்.

நந்தன் தலையைக் குனிந்து தன் வெறும் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் முந்திக்கொண்டேன். “பிள்ளை, நீ யன்னலால பாத்தனியே? காகம் வந்ததோ?”

அவள் என்னைப் பார்த்தாள். தகப்பனின் குனிந்த தலையைப் பார்த்தாள். சொற்களைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. உதடு இரண்டு தரம் அசைந்து நின்றது. இங்கிலிஷில் வரப்போகிறது என்று நினைத்தேன்.

“ஓம், அப்பப்பா” என்றாள். “வந்தது. பெரிய காகம்.”

நந்தனின் தோள் மறுபடியும் ஒருமுறை குலுங்கியது. மின்கம்பத்திலிருந்த காகம் அந்த நேரம் பார்த்து, அழுது களைத்த பிள்ளையைப் போல, இழுத்துக் கத்திற்று.

“சரி பிள்ளை, போடு” என்று சாரதாவிடம் என் கோப்பையை நீட்டினேன்.